இரண்டு கரை, ஒரு புகை

கிளிமோவோ கிராமத்தின் நடுவே ஒரு ஓடை ஓடுகிறது. வட்டங்களை மாற்றி அமைத்த வருஷத்தில், மேலே யாரோ ஒரு புண்ணியவான் வரைபடத்தில் ஓடையைப் பார்த்தான். ஆகா, எல்லைக்கு இதைவிட வசதி வேறென்ன என்று அதன்மேலேயே கோடு போட்டுவிட்டான். இக்கரை தெர்னோ வட்டம், அக்கரை யூக்‌ஷா வட்டம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்வதற்கும் இங்கே வழியில்லை, வருஷத்தில் பாதி நாள் இரண்டு கரையும் பனியில் வெள்ளைதான்.

கோடு போட்டபோது நாற்பது வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். இப்போது குளிர்காலத்தில் இரண்டே வீடு. இக்கரையில் சவேலி, பெண்டாட்டியை இழந்தவன், மரம் வெட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். அக்கரையில் தைசியா, பழைய பால்பண்ணைக்காரி, விதவை. நடுவில் மரப்பாலம்.

தெர்னோ வட்டத்திலிருந்து கிளிமோவோவுக்கு வழி கிடையாது, நடுவே சதுப்பு. ஒருமுறை சவேலி, சிக்னல் கிடைக்கிற குன்றின்மேல் ஏறி நின்று, தன் வட்ட ஆபீசுக்கு போன் போட்டான்.

"பனி தள்ள டிராக்டர் அனுப்புங்கம்மா."

"உங்க ஊருக்கு நம்ம பக்கம் ரோடே இல்லையே சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"ரோடே இல்லாதப்போ எதைத் தள்ளச் சொல்றீங்க?"

சவேலி போனை வைத்துவிட்டான்.

ஆக, அவன் பிழைப்பு தைசியாவின் புண்ணியத்தில் ஓடியது. யூக்‌ஷா வட்டத்து டிராக்டர் வாரம் ஒருமுறை அவளுக்காகப் பனி தள்ளி வரும். ஓட்டுகிற ரொதியோன் ரொட்டி, சர்க்கரை, மாத்திரை எல்லாம் அப்படியே கொண்டு வருவான். மேட்டு வளைவில் நிறுத்திப் பார்ப்பான். யூக்‌ஷா கரையில் புகை தெரிந்தால் ஊருக்குள் வருவான், தெரியாவிட்டால் திரும்பிவிடுவான். யாரும் குடியில்லாத இடத்துக்கு டீசல் கிடையாது என்பது அவன் ஆபீஸ் விதி.

இரண்டு வருஷம் முன்னால் தைசியா ஒன்று சொன்னாள். காளான் ஊறுகாய் தின்றுகொண்டு அவன் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது.

"யோவ் சவேலி, பேசாம என் வீட்டு விலாசத்துல பதிஞ்சுக்கயேன். ரெண்டு பேரும் ஒரே வட்டமாயிடலாம்."

அவள் காதெல்லாம் சிவந்திருந்தது. அவனுக்குப் புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது.

"இந்த வயசுலயா? ஊரு சிரிக்கும்."

"எந்த ஊருய்யா? நாம ரெண்டு பேருதானே ஊரு."

அவன் சிரித்து மழுப்பிவிட்டுப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தான். அவள் மறுபடி கேட்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் தைசியாவுக்கு வயிற்றில் வலி. முதல் பனி விழுவதற்கு முன் மகள் வந்து நகர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "ஆபரேஷன் முடிஞ்ச கையோட வந்துருவேன், ஊறுகாயை முழுசா தின்னு தீத்துராதே" என்று காரிலிருந்து கத்தினாள் தைசியா. அதோடு சரி. அவள் எப்படி இருக்கிறாள் என்று சவேலிக்கு யார் சொல்வார்கள்? அவன் சொந்தமும் இல்லை, அதே வட்டமும் இல்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஆளில்லாமலே புகையும் என்று சவேலி காட்டினான். தினமும் காலையில் பாலம் தாண்டிப் போய் அவள் அடுப்பை மூட்டினான். வாசல் பனியை அள்ளினான். ரொதியோன் வரும் நாளில் அவள் கேட்டருகே போய் நின்றுகொண்டான்.

"தைசியா அம்மா எங்க மாமா?"

"ஜலதோஷம்ப்பா, படுத்திருக்கா. அவ ரொட்டியையும் என்கிட்டயே குடு."

அடுத்த வாரம் முட்டிவலி. அதற்கடுத்த வாரம் பல்வலி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ரொதியோன் தலையாட்டிவிட்டு இரண்டு ரொட்டி எடுத்துக் கொடுப்பான். அவள் பங்கை சவேலி தின்னவில்லை. துண்டு போட்டுக் காயவைத்து, துணிப்பையில் கட்டி, அவள் அடுப்புமேலேயே வைத்தான். வந்தால் டீயில் நனைத்துத் தின்பாள் என்று நினைத்தான்.

அவள் இல்லாத அந்த வீட்டில் அவன் உட்காரவே மாட்டான். அடுப்புமுன் நின்றபடியே பேசுவான். "உன் பூனை என் வீட்டுலதான் தூங்குது", "கூரைப் பனி இறங்கிருச்சு". பதில் வராத பேச்சு. சமயத்தில் தாங்கமுடியாமல் பாதியிலேயே கிளம்பிவிடுவான்.

பிப்ரவரியில் ஒருநாள் டிராக்டர் வந்தது. ரொதியோன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். வழக்கமாக அவன் இறங்குவதில்லை.

சவேலி முந்திக்கொண்டான். "இன்னிக்குக் கொஞ்சம் தேவலப்பா. எந்திரிச்சு உக்காந்து ஒரு கப் டீ குடிச்சா."

ரொதியோன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான்.

அந்தக் குளிரில் எவனும் தொப்பியைக் கழற்ற மாட்டான். சவேலி அவன் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, போதும். செவ்வாய்க்கிழமை போயிட்டாங்க. அவங்க மக ஆபீசுக்கு போன் பண்ணி பதிவுலேருந்து பேரை எடுக்கச் சொல்லிருச்சு."

சவேலி கேட்டைப் பிடித்துக்கொண்டான். "அப்போ அவ இங்க இல்லேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான்.

"மொதல் நாள்லேருந்தே. அவங்க காஞ்ச ஆல்டர் மர விறகுதான் போடுவாங்க, புகை வெளுப்பா வரும். நீங்க பிசின் வடியுற ஈர ஸ்ப்ரூஸ் மரத்தைப் போட்டு எரிச்சு, கருகருன்னு விடுறீங்க. குருடனுக்கும் தெரியும் மாமா அது உங்க புகைன்னு."

"அப்புறம் ஏன்டா வந்தே?"

"ஆஸ்பத்திரிக்குப் போறப்போ ஆபீஸ் வாசல்ல காரை நிறுத்தி என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. 'புகையப் பாத்தா போதும், வந்துரு'ன்னு. 'நீங்களே இல்லாதப்போ யாரும்மா புகை போடுவா'ன்னேன். 'அந்த ஆளு போடுவான்'னாங்க."

சவேலிக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"அவ பேரை எடுத்தாச்சே. இனி நீ எப்படி வருவே?"

"புகை தெரிஞ்சா வருவேன். ஆபீஸ்ல கேட்டா, ஆள் இருக்கு, நானே பாத்தேன்னு சொல்லுவேன். ஆனா மாமா, புகை இந்தக் கரையில வரணும்." அன்றைக்கும் இரண்டு ரொட்டி கொடுத்துவிட்டுப் போனான்.

சவேலி உள்ளே போனான். இறந்தவர்களுக்கு வைக்கிற வழக்கப்படி ஒரு கிளாசில் வோட்கா ஊற்றி, மேலே ஒரு துண்டு கறுப்பு ரொட்டி வைத்து, அவள் உட்காருகிற இடத்துக்கு முன்னால் வைத்தான். பிறகு கொட்டகையிலிருந்து அவள் அடுக்கிவைத்த ஆல்டர் விறகைக் கொண்டுவந்து அடுப்பில் போட்டான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு முதல்முறையாக, அவள் இடத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஊரு சிரிக்கும்னு சொன்னேனே தைசியா," என்றான். "இப்போ சிரிக்கக்கூட யாருமில்ல."

இருட்டியதும் பாலம் தாண்டிப்போய்த் தன் அடுப்பை அணைத்தான். பூனையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.