கிளட்ச் அண்ணனின் முட்டி வலி

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. அது மிகை. சம்பந்தப்பட்டவர்களுக்கு முதலில் தெரியும், எனக்கு அதற்கப்புறம்தான். என் சமையலறை ஜன்னல் பின்பக்கத்து வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்து இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்? பாத்திரம் கழுவுகிறவள் கண்ணை மூடிக்கொண்டா கழுவுவாள்?

அப்படிப்பட்ட நான் நாற்பது நாள் ஒரு விஷயத்தை வாயைத் திறக்காமல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு கிளட்ச் அண்ணன் விஷயம் அது.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இந்தப் பகுதியில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் வண்டி பழகியிருக்கிறார்கள். "கிளட்ச், கிளட்ச்" என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும், அதனால் பெயரும் அதுவாகவே நிலைத்துவிட்டது. நானும் அவரிடம் பழகியவள்தான். உங்களுக்கு ரெண்டு கால் இருக்குன்னு வீட்டுல யாரும் சொல்லலையா என்று என்னைக் கேட்டவர்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சலவைக் கடையில் வேலை. காலை ஆறரைக்கு, அண்ணன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே சைக்கிளில் கிளம்பிவிடுவாள். சைக்கிள் என்றால் அக்காவுக்கு உயிர். ஏரிக்கரையில் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும், லீவு நாளில் இரண்டு எடுத்துக்கொண்டு சேர்ந்து ஒரு சுற்றுப் போகலாம் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் பார்க்கிறாள். அண்ணனுக்கு முட்டி வலி. இருபத்தாறு வருஷமாக, லீவு நாளில் மட்டும் வருகிற முட்டி வலி. அக்காவும் சளைக்காமல் தைலம் தேய்த்துவிடுவாள்.

உண்மை என்னவென்றால் அண்ணனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கல்யாணம் பேசுகிற சமயத்தில் அக்கா கேட்டிருக்கிறாள். "பின்னே?" என்று இவர் மிடுக்காக ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அதைத் திரும்ப வாங்க வழி தெரியாமல் முட்டியின் மேல் பழியைப் போட்டுவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஐம்பத்தாறு வயதில் ஒரு நாள் காலை அவர் பழைய சைக்கிள் ஒன்றை மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்து உருட்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். மேலே ஏறி வந்து என் வாசலில் நின்று, முழங்கையில் சிராய்ப்போடு, எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "தங்கச்சி, நீங்க பாத்தத பாக்கலன்னு வச்சுக்குங்க. கட்டடத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் எங்கிட்ட யாரு வண்டி பழக வருவா?" என்றார். திட்டுகிறவர் கெஞ்சினால் மனசு கேட்கிறதா? சரி என்றேன்.

அதிலிருந்து தினமும் ஒன்பது மணி வாக்கில் எனக்கு இலவசக் காட்சி. விழுவார், எழுவார், சைக்கிளைத் திட்டுவார். நாற்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, எதிர்ப்பள்ளியில் ஒன்பது நாற்பது இடைவேளை மணி அடித்தபோது, அண்ணன் கால் ஊன்றாமல் மூன்று சுற்று முழுசாக வந்தார். நான் ஜன்னலில் நின்று கை தட்டினேன். அவர் ஒரு கையை எடுத்துவிட்டு எனக்கு ஆட்டிக் காட்டினார்.

பதினொன்றரைக்கு அக்கா என் கதவைத் தட்டினாள். கடையில் மிஷின் பழுது என்று சீக்கிரம் வந்தவள், குளியலறை வாசலில் அண்ணன் தரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். உலகமே சுற்றுகிறதாம். வாளி நிறைய வாந்தி.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன், மறைக்கப்போவதில்லை. போன வருஷம் எனக்கும் இதே மாதிரி தலை சுற்றியது. காதுக்குள் இருக்கிற துளித்துளிக் கல் இடம் மாறிவிட்டது என்று சொல்லி, டாக்டர் படுக்கவைத்துத் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார். போய்விட்டது. அன்று முதல் இந்தக் கட்டடத்தில் தலைசுற்றலுக்கு நான்தான் நிபுணி. காதுதான், பயப்படாதீங்க என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அண்ணன் தலையைப் பிடித்து என் பாணியில் திருப்பினேன். அவர் என் மேலேயே வாந்தி எடுத்தார். இதிலேயே ஒரு கால் மணி நேரம் வீணாகிவிட்டது.

அப்புறம்தான் கவனித்தேன். எனக்கு அசையாமல் படுத்தால் சுற்றல் நின்றுவிடும், இவருக்கு நிற்கவில்லை. தண்ணீர் டம்ளரை நீட்டினேன், அவர் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. தூக்கி உட்காரவைத்தால் மூட்டை மாதிரி இடப்பக்கம் சரிந்தார். பேச்சும் குழறியது. இது காது சமாச்சாரம் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, அவசரமே படாத கை. அண்ணன் தலையைப் பிடித்துச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினாள். இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள் என்றாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கருவிழி அந்தப் பக்கமாகவே வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு கண்ணை மூடித் திறந்து, மறு கண்ணை மூடித் திறந்து, உள்ளே கருவிழி மேலும் கீழும் நகர்கிறதா என்று பார்த்தாள். தன் விரலைத் தொடச் சொன்னாள். அண்ணன் விரல் அவள் காதோரம் போய் நின்றது. பிடிக்காமல் உட்காரச் சொன்னதற்கு அவரால் முடியவில்லை.

டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பி, நிதானமாக, விளங்கும்படி சொன்னாள். காதுக் கோளாறு மாதிரி தெரியவில்லை. சிறுமூளைக்குப் போகிற இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், பக்கவாதத்தில் இது ஒரு வகை. அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறது. ஆனால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதைத் தாண்டினால் மூளைக்குள் கசிவு வரும் ஆபத்து கூடிவிடும்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

நான் கிளம்பும்போது தூங்கிக்கிட்டிருந்தார், நேத்து ராத்திரி பத்து மணிக்குப் பேசிட்டுத்தான் படுத்தார் என்றாள் அக்கா. டாக்டரம்மா குனிந்து அண்ணனைக் கேட்டாள்.

"எழுந்தப்பவே... இருந்துச்சு" என்றார் அண்ணன்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து. ராத்திரி பத்து மணிக் கணக்குப்படி பதினாலரை மணி நேரம் போய்விட்டது. டாக்டரம்மா முகத்தில் எதுவும் மாறவில்லை, பேனா மட்டும் நின்றது. அப்படியானால் இந்த மருந்து முடியாது, வேறு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், ஆனால்... என்று ஆரம்பித்தாள்.

உயிர் போகிற நேரத்தில் ஒரு மனுஷன் முட்டி வலிப் பொய்யைக் காப்பாற்றுவானா என்று நீங்கள் கேட்கலாம். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள், அதுதான் காரணம். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். கருவிழி நிலைகொள்ளாமல் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் துள்ளலிலும் சொல்லாதே என்று கெஞ்சுவது எனக்குப் புரிந்தது.

எத்தனையோ பேர் ரகசியத்தை எந்தத் தேவையும் இல்லாமல் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

"டாக்டர், காலைல ஒம்போது நாப்பதுக்கு இவரு நல்லா இருந்தாரு. சைக்கிள் ஓட்டுனாரு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "யாரு? இவரா? இந்த முட்டியோடவா?"

டாக்டரம்மா அக்காவைக் கையமர்த்திவிட்டு என்னை விசாரித்த விசாரணை இருக்கிறதே, நானே எத்தனையோ பேரை விசாரித்தவள், அசந்துபோனேன். நீங்களே பார்த்தீர்களா, நேரம் எப்படித் தெரியும், எவ்வளவு நேரம் ஓட்டினார்? பள்ளி மணியைச் சொன்னேன், கால் ஊன்றாமல் வந்த மூன்று சுற்றைச் சொன்னேன், ஒரு கையை எடுத்து ஆட்டியதையும் சொன்னேன். "விழுந்தாரா? தலைல அடி பட்டுச்சா? யோசிச்சுச் சொல்லுங்க, அடி பட்டிருந்தா மருந்து போடுறது ஆபத்து" என்றாள்.

"இன்னிக்கு விழல. போன வாரம் செடிக்குள்ள விழுந்தாரு, தலை படல, நான் பாத்தேன்."

"அதுக்கப்புறம்?"

"பத்து மணிக்குக் குளிச்சாரு. பாடிக்கிட்டே குளிப்பாரு, எங்க வீட்டுச் செவுத்துக்குக் கேக்கும். பத்தேகால் வாக்குல நின்னுபோச்சு."

"பாட்டு குழறுச்சா?"

"இல்ல டாக்டர். வழக்கம்போலதான், கேக்க முடியாம இருந்துச்சு."

டாக்டரம்மா கட்டிலின் மேல் குனிந்து, இவங்க சொல்றது நிஜமா என்று அண்ணனையே கேட்டாள். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அக்கா அவர் காதருகே போய், "சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், சத்தியமா" என்றாள்.

"குளிச்சிட்டு... வெளிய வந்தப்பதான்" என்றார் அண்ணன்.

அதற்கப்புறம் எல்லாரும் ஓடினார்கள். ஸ்கேனில் கசிவு இல்லை. மருந்தால் நன்மையும் உண்டு, சில பேருக்குக் கசிவு வந்து நிலைமை மோசமாவதும் உண்டு என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னாள். அண்ணன் தலையசைத்தார், அக்கா கையெழுத்துப் போட்டாள். ஒன்று பத்துக்கு மருந்து ஏறியது. மருந்து ஏறி முடிய ஆன ஒரு மணி நேரமும் அக்கா சொன்ன சொல் காப்பாற்றினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை, போர்வைக்கு மேல் அவர் முட்டியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் போனேன். அண்ணன் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார், இடப்பக்கம் கொஞ்சம் சாய்வு. இரண்டு பேர் பிடித்தால் கதவு வரை நடக்கிறாராம், விழுங்க முடிகிறதாம். கார் ஓட்டுவதை மட்டும் இப்போதைக்கு நினைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.  பழத்தை வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன்.

அக்கா விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இருபத்தாறு வருஷம் நல்ல முட்டிக்குத் தைலம் தேச்சவ நான். இவரு வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. நீ சொல்லு, மொத நாள்லேந்து ஒண்ணு விடாம."

என்னிடம் ஒருத்தர் இப்படிக் கேட்பது என் ஆயுளில் முதல் தடவை. அண்ணன் முதுகைப் பார்த்தேன். அசையவில்லை. சரி என்று ஆரம்பித்தேன். முதல் நாள் ஏறவே முடியாமல் ஒரு முழங்கை, இரண்டாம் நாள் இன்னொரு முழங்கை, மூன்றாம் நாள் சைக்கிளைத் திட்டியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நடுநடுவே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"நாலாம் நாள் மோட்டார் ரூம் செவுத்துல மோதுனாரு" என்றேன்.

சுவர்ப்பக்கத்திலிருந்து குழறலாக, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு குரல் வந்தது. "மோதல. நிறுத்துனேன்."

"செவுத்தக் கட்டிப் புடிச்சுல்ல நிறுத்துனீங்க."

"பிரேக்... சரியில்ல."

"பிரேக் கதை அப்புறம் இருக்கட்டும்" என்றாள் அக்கா, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்து. "நீ அஞ்சாம் நாளுக்கு வா."