ஆணி படாத கோயில்

எங்கள் மரமுரேஷ் மலைச்சீமையில் மரக்கோயில் கட்டினால் அதில் ஆணி இருக்கக் கூடாது. ஆண்டவரை ஆணியால் அறைந்தார்கள், ஆகவே அவர் வீட்டில் ஆணி ஆகாது என்று செராஃபிம் பாதிரியார் ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் சொல்வார். அவருடைய சொந்த வீட்டுக்குக் கூரை போட்டபோது மூட்டை மூட்டையாக ஆணி வந்து இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

புதுக் கோயிலைக் கட்டியவர் என் கணவர் கவ்ரிலா. கட்டிய தச்சனின் பெயரை வாசல் நிலையில் செதுக்குவது வழக்கம். அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் ஏங்கியது அந்த ஒரு வரிக்குத்தான். அதைச் செதுக்கி முடித்த அன்று மலர்ந்ததுபோல அவர் முகம் எனக்கு மோதிரம் போட்ட அன்றுகூட மலரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிஷப் வந்து கோயிலை மந்திரிக்க வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை காலையில் வினை வந்தது. வினையின் பெயர் தனாசே. அவனும் தச்சன்தான். கோயில் வேலை தனக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறெரிந்துகொண்டிருந்தவன். நான் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், பாதிரியாரும் என் கணவரும் திரைச்சீலையை வைத்துக்கொண்டு தகராறு செய்துகொண்டிருந்தார்கள். விளக்குச் சங்கிலி மாட்ட ஏணியில் ஏறிய தனாசே, நடு உத்திரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினான்.

"சாமி! இது ஒட்டுப்போட்ட உத்திரம்! உள்ள பசை தடவியிருக்கான்!"

தடவித்தான் இருந்தார். எனக்குத் தெரியாதா? அந்த மரத்தை வெட்டிய அன்று என் வீட்டுக்காரர் பிளம்ஸ் சாராயத்தை ஊற்றிக்கொண்டு அளந்தார். ஒரு முழம் குறைந்துவிட்டது. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று, இன்னொரு துண்டை எடுத்து, இரண்டின் முனையையும் ஓர் ஆள் நீளத்துக்குச் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றைப் படுக்கவைத்து, டவுனிலிருந்து வாங்கிய பசையைத் தடவி இறுக்கினார். போதாததற்கு என் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயில் இருந்த கற்களை எடுத்து அதன்மேல் பாரம் வைத்தார். பாரமில்லாமல் ஊறுகாய் மிதந்து அழுகிப்போனது. பசை மட்டும் நன்றாகப் பிடித்தது.

"ஆண்டவர் வீட்ல ஒட்டுவேலையா?" பாதிரியாருக்குத் தாடி நடுங்கியது. "நிலையில இருக்கிற உன் பேரைச் சீவி எடுத்துடுவேன் கவ்ரிலா!"

"ஆணி கூடாதுன்னுதானே சாமி சொன்னீங்க? ஒரு ஆணி காட்டுங்க பாப்போம்!"

"ஆணி இல்லன்னா பசையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பசை போட்டு யாரும் ஆண்டவரைச் சிலுவையில ஒட்டலையே சாமி."

"நீ தரையைத் தேய்ம்மா!"

"நுனியும் நுனியும் ஒட்டினா கைக்குழந்தைகூடப் பிச்சுடும்," என்றார் என் கணவர். "நான் சரிச்சு, நாரோட நார் படுக்கவச்சு ஒட்டியிருக்கேன். மரம் பிளந்தாலும் பிளக்கும், ஒட்டு விடாது."

தனாசே மேலிருந்து சிரித்தான். "தண்ணியப் போட்டா இந்தாளே நிக்க மாட்டாரு, இவரு ஒட்டினது நிக்குமாம்! ரெண்டு ஆப்பு அடிச்சா தானா பிரிஞ்சிரும் சாமி. சாயங்காலத்துக்குள்ள மரமுளை அடிச்சு முறையாப் பூட்டித் தரேன். நிலையில பேரை மட்டும் கொஞ்சம்..."

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார் பாதிரியார்.

அந்த "பாக்கலாம்" காதில் விழுந்ததும் என் கணவர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். குடிகாரர்தான், பெருமையடிப்பவர்தான். ஆனாலும் நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

தனாசே உத்திரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, ஒட்டிய கோட்டில் ஆப்பை வைத்து அடித்தான். நுழையவில்லை. பெரிய சம்மட்டியை எடுத்து ஓங்கி அடித்தான். சடசடவென்று சத்தம் கேட்டது.

"விட்டிருச்சு!" என்று கூவினான். பிறகு குனிந்து பார்த்தான்.

விட்டது மரம். ஒட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு கணு இல்லாத அருமையான மரம், நாரோடு நாராகப் பிளந்து கிடந்தது. ஒட்டிய இடம் மயிரிழைகூட அசையவில்லை.

"முளை போட்டுச் சரி பண்ணிடுடா," என்றார் பாதிரியார்.

"பிளந்த மரத்துல துளை போட்டா இன்னும் பிளக்கும் சாமி. பசை போட்டா மூடும், ஆனா..." பசை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "நாளைக்குள்ள காயாது. இரும்புப் பட்டைதான் போடணும். ஆணி அடிக்கணும்."

பாதிரியார் கதவைச் சாத்தச் சொன்னார். வீட்டுக்குப் போனார். தம் கூரைக்கு மிஞ்சிய ஆணி மூட்டையை அங்கிக்குள் மறைத்து, நிறைமாதக் கர்ப்பிணி போல வயிற்றைத் தாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். தனாசே அடிக்க அடிக்க ஒவ்வோர் அடிக்கும் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கத் தரையை அழுத்தித் தேய்த்தேன்.

அடித்து முடித்ததும் பார்த்தால், இரும்புப் பட்டை வாசலிலிருந்தே பளபளத்தது. அதை மறைக்கப் பூவேலைத் துண்டு போடலாம், எங்கள் கோயில்களில் அது வழக்கம்தான். அவ்வளவு நீளமான துண்டு ஊரில் ஒருத்தியிடம்தான் இருந்தது. என் கல்யாணச் சீதனம்.

"பலாகுட்சா, நீ தங்கமான பொண்ணும்மா," என்று பாதிரியார் என் பக்கத்தில் வந்தார்.

"தரை தேய்க்கிற தங்கம் சாமி. துண்டு தரேன். நிலையில பேரு இருக்கணும்."

"இருக்கட்டும்மா."

"தனாசேவுக்கும் ஏதோ பாக்கலாம்னீங்க?"

"எந்தத் தனாசே?" என்றார், ஏணியில் நிற்பவனை அண்ணாந்தும் பாராமல்.

மறுநாள் பிஷப் நடுவில் நின்று மேலே பார்த்து, "ஓர் ஆணிகூட இல்லாமல்!" என்று கண்கலங்கினார். துண்டு வெகு அழகு என்றும் சொன்னார். பாதிரியாருக்கு வியர்வையில் அங்கி நனைந்துவிட்டது. என் கணவர் வாசலை விட்டு உள்ளே வரவேயில்லை. நிலையில் இருந்த தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு நின்றார். அன்று சாராயத்தை அவர் தொடவில்லை.

துண்டில் மெழுகுவர்த்திப் புகை படிகிறது. அவ்வப்போது இறக்கித் துவைக்க வேண்டும். என்றைக்கு இறக்குவது என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். பாதிரியார் இப்போதெல்லாம் தெருவில் எனக்கு முதலில் தொப்பியைக் கழற்றுகிறார்.