மேல் பால்கனியில் இரண்டு இருக்கை

டிக்கெட் கொடுக்கும் பெண் அரங்கத்தின் வரைபடத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் நகர்த்தியதுமே, அவன் முதல் வரிசையின் நடுவில் விரலை வைத்துவிட்டான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன், எதையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. மனைவியின் பார்வை குறைந்துகொண்டே போகும் என்று கண் டாக்டர் சொன்னதிலிருந்து, வீட்டில் எல்லாவற்றையும் அவளுக்கு நெருக்கமாக நகர்த்தி வைத்திருந்தான். டிவியை முட்டிக்கொண்டு நாற்காலி, தலைக்கு மேலேயே விளக்கு. கண் தெரியும்போதே ஒரு பெரிய நாடகம் பார்த்துவிட வேண்டும் என்று அவள் சாப்பிடும்போது ஒருமுறை சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் லீவு போட்டு அழைத்து வந்திருந்தான்.

“இதுல ரெண்டு குடுங்க.”

“அது ரொம்ப விலைங்க. மேல பால்கனியில பாக்கலாம்,” என்றாள் மனைவி.

“காசைப் பத்தி நீ ஏன் கவலைப்படுற? மேலேருந்து எல்லாம் எறும்பாட்டம் தெரியும். உனக்குக் கிட்ட இருந்தாதான் சரி.”

அவள் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். இன்றைக்கும் கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோர்த்துவிடுவாள். அதைப் பார்த்துப் பார்த்தே அவன் தைரியமாக இருந்தான். ஆனால் போய்க்கொண்டிருந்தவை பார்வையின் ஓரங்கள். எவ்வளவு போயிருக்கிறது என்று அவள் வாய் திறந்ததில்லை.

“இப்ப ஒத்திகை இல்லக்கா. வேணும்னா உள்ள போய் உக்காந்து பாத்துட்டு வாங்க,” என்றாள் டிக்கெட் பெண்.

உள்ளே ஆளில்லாத நாற்காலிகள் அரை இருட்டில் தூங்குவது போல் கிடந்தன. மேடையில் வானம் வரைந்த திரை ஒன்று கயிற்றில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் நீலம். நீலத்தை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பினால் ஒரு படிக்கட்டின் பாதி. அதன் மேல் யாரோ ஒருவரின் ஷூ வந்தது, நகர்ந்தது, காணாமல் போயிற்று.

“நல்லா தெரியுதுல்ல?”

ஆமாம் என்று சொல்லிப் பழகிய வாய். இந்த முறை அது வரவில்லை.

“ஒரு ஷூ தெரிஞ்சுது. அப்புறம் போயிடுச்சு.”

அவன் சிரித்தான். பிறகு மேடையைப் பார்த்தான். அந்த ஷூ போட்ட மேடைத் தொழிலாளி நடுவில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவன் சிரிப்பு நின்றது.

“இங்கதானே நிக்கிறாரு.”

“எனக்கு ஒரு தட்டு அளவுக்குத்தாங்க தெரியுது. கிட்ட இருந்தா அந்தத் தட்டு நிறைய ஒரு ஷூதான். தள்ளிப் போனாதான் ஆளு முழுசா வருவாரு.”

“எப்பலேருந்து?”

“நீங்க நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டதுக்கு முன்னாடிலேருந்து.”

அவன் எழுந்து முழங்கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஒரு வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள், பிறகு பால்கனியில், பிறகு அதற்கும் மேலே. ஏற ஏற மேடை சுருங்கி வந்து, கடைசி வரிசையில் ஓரம் பிசகாமல் அவள் கண்ணுக்குள் அமர்ந்தது. வானம் முழுதாக இருந்தது. எங்கேயும் போய்ச் சேராத படிக்கட்டு, அதன் கீழே தண்ணீருக்குள் நடப்பவர்கள் போல அசையும் தொழிலாளிகள். வீட்டில் ஒரு வாசலைக்கூட அவள் இப்படி முழுசாகப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது.

“நீங்க கீழ போய் நில்லுங்களேன்.”

அவன் இறங்கிப் போய் மேடைக்கு முன்னால் நின்றான். தலையிலிருந்து கால்வரை மொத்த ஆளும் வந்துவிட்டான். டூல்ஸ் பையைச் சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கியிருந்தது. தொப்பை எப்போது வந்தது? வீட்டில் அவன் ஒரு சட்டைப் பொத்தான், ஒரு காது, டம்ளர் பிடித்த விரல்கள், அவ்வளவுதான்.

“தெரியுதா?” குரல் சின்னதாக ஏறி வந்தது.

“தெரியுது. அந்தப் பக்கம் கொஞ்சம் நடங்க.”

நடந்தான். திரும்பி இந்தப் பக்கமும் நடந்தான். தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். போதும் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“இந்த ரெண்டு சீட்டையே எடுத்துடலாம். மேல வாங்க,” என்றாள் கடைசியில்.

அவன் படியேறி வந்தான். வர வர முதலில் கால்கள் போயின. அப்புறம் கைகள், இறங்கிய தோள். பக்கத்தில் வந்து குனிந்தபோது முகம் மட்டும் இருந்தது; அதிலும் ஈரமான இரண்டு கண்கள். அவன் கை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. தெரியாத பக்கமாக அவள் தன் கையை நீட்டினாள்.