நஜீபாவுக்குக் கேட்காத குரல்

கோவில்பத்தில் தன் வீட்டிலிருந்தபடியே நஜீபா ஒரு கண் மருத்துவமனைக்கு வரும் அழைப்புகளை இணையத் தொலைபேசியில் எடுத்துப் பேசிவந்தாள். நான்கு வருடமாக ஒரு புகார் இல்லை. வீட்டு இணைய இணைப்பை மாற்றிய வாரம்தான் கோளாறு தொடங்கியது. அவள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்டது. எதிர்முனைக் குரல் அவளுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனையில் நடந்த கூட்டத்தில் மேற்பார்வையாளர் மாறன் ஓர் அழைப்பின் பதிவை எல்லோருக்கும் ஓடவிட்டான். அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெண், "கண்ணு ரத்தமா செவந்திருக்கும்மா, என்ன செய்யட்டும்?" என்று அழுகிறாள். நஜீபா "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறாள்.

"இவங்களுக்குக் கேக்கலையாம்," என்றான் மாறன். "அடுப்புல பாலு பொங்கியிருக்கும்."

பதினோரு பேர் சிரித்தார்கள்.

"சார், சத்தியமா எனக்கு ஒரு சத்தமும் வரல."

"பதிவுல வருதே? இனிமே உங்களுக்கு போன் வேண்டாம். மெசேஜுக்கு மட்டும் பதில் போடுங்க."

"ஸபூரா இரு, பொறுமையா போ," என்றான் கணவன் ரிஃபாய். அவளால் முடியவில்லை. அழுத பெண்ணின் குரலும் அந்தச் சிரிப்பும் மாறிமாறி அவளை அரித்தன.

மறுநாள் தொலைபேசியைச் செல்போன் இணையத்தில் இணைத்துப் பார்த்தாள். குரல் தெளிவாக வந்தது. அப்படியானால் குற்றம் வீட்டு ரவுட்டரில். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி. அது வெளியே செல்லாது. ரவுட்டர்தான் அதை வெளி முகவரியாக மாற்றி அனுப்ப வேண்டும். இங்கே இணைப்பு தந்த கம்பெனியின் புதுப் பெட்டியும் பழைய ரவுட்டரும் ஆளுக்கொரு முறை மாற்றின. போதாததற்கு, தொலைபேசிக்கு உதவுவதாகச் சொல்லும் 'சிப் ஏ.எல்.ஜி.' என்ற அமைப்பு முகவரியைத் தப்பாக எழுதியது. திரும்பி வரும் குரல் வழிதெரியாமல் தொலைந்தது. பழைய ரவுட்டரைக் கழற்றினாள். பெட்டியில் அந்த அமைப்பை அணைத்தாள். எல்லாம் சரியாயிற்று.

கோளாறையும் சரிசெய்யும் வழியையும் படங்களோடு மாறனுக்கு எழுதி அனுப்பினாள். "சாக்கு நல்லாத்தான் இருக்கு," என்று பதில் வந்தது. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள், இவனைச் சும்மா விடுவதில்லை என்று.

ஒன்றரை மாதத்தில் மாறன் விழிதியூரில் புது வீட்டுக்குப் போனான். அதே கம்பெனி இணைப்பு. அந்த வாரக் கூட்டம் அவரவர் வீட்டிலிருந்தே, முகம் திரையில், குரல் அதே இணையத் தொலைபேசியில். தலைமை மருத்துவர் அறிவுமதியும் சேர்ந்திருந்தார்.

"மாறன், போன மாசம் எத்தனை அழைப்பு விட்டுப்போச்சு?"

"ஹலோ? மேடம்?"

"கேக்குதா?"

"ஹலோ, ஹலோ?"

இரண்டாவது ஹலோவிலேயே நஜீபாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் போதும். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் நான்கு முறை கேட்டார். அவன் வியர்ப்பது திரையில் தெரிந்தது. அவளுக்கு இனித்தது.

"பதில் தெரியாம நடிக்கிறாரா?" என்றார் மருத்துவர்.

"நடிக்கல மேடம்," என்றாள் நஜீபா. "எனக்கு வந்த கோளாறுதான். சரிபண்ற வழிய அப்பவே அவருக்கு அனுப்பிட்டேன்."

தான் எழுதியதையும் அவன் பதிலையும் எல்லோர் திரையிலும் காட்டினாள். மாறனால் படிக்க முடிந்தது. மருத்துவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்கத்தான் முடியவில்லை.

மறுநாளே நஜீபாவுக்கு அழைப்புகள் திரும்பக் கிடைத்தன. மேற்பார்வை வேறொருவருக்குப் போனது.

சாயங்காலம் மாறன் செல்போனில் கூப்பிட்டான். "தப்புதாங்க. எத அணைக்கணும்னு சொல்லுங்க, அந்த மெனுவே எனக்குப் புரியல."

"எல்லாரும் இருக்கும்போது தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

ரிஃபாய் நிமிர்ந்து பார்த்தான். "இவ்வளவு வேணுமா?"

"வேணும்," என்றாள் நஜீபா.