ருசி பார்த்தவள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சலவைக் கடையின் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு மாடிக்கு வந்தவள், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அடுப்பில் வெண்ணெயை உருகப் போட்டு, அதில் கஞ்சா இலையைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தாள். யார்? அந்த வாசனை ஆகாது என்று கல்யாணமான நாளிலிருந்து புருஷனோடும் கூடப்பிறந்த தம்பியோடும் மல்லுக்கு நின்ற அதே மகராசிதான்.

"கொதிக்க விடாதீங்கம்மா, பொறுமையாக் கிளறுங்க" என்று மருந்துக்கடைப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். பொறுமைக்கு எங்கே போவது? ஹால் சோபாவில் சாய்ந்திருந்த பெயிண்டர், அதாவது அவள் வீட்டுக்காரர், மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார்.

"என்ன கொடுமை பாரு. அன்னைக்கு இந்த வாசனைக்கு விளக்குமாத்தைத் தூக்கினவ, இன்னைக்குக் கரண்டியைத் தூக்கிட்டு நிக்கிறா."

"வாயை மூடுங்க. இருமல் வரும்."

அந்தக் காலத்தில் பின்பக்க மாடிப்படிதான் அவர்கள் சபை. மாமனும் மச்சானும் ஒரே சாரத்தில் நின்று சுவருக்கு பெயிண்ட் அடிப்பவர்கள். வேலை முடிந்து முழங்கை வரை பெயிண்டோடு வந்து, படியில் ஆளுக்கு ஒரு முட்டி மடக்கி உட்கார்ந்து ஒன்றைச் சுருட்டுவார்கள். இவர் ஒரு இழுப்பு, அவன் ஒரு இழுப்பு. கை மாறும்போது இரண்டு பேரும் தெருமுனையை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள், போலீஸ் வருகிறானா என்று. கீழே இஸ்திரிப் பெட்டியின் ஆவியோடு அந்தப் புகையும் கலந்து ஊரார் சட்டையிலெல்லாம் ஏறும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "என்ன சோப்பும்மா இது, மனசுக்கு ஒரு மாதிரி இதமா இருக்கே" என்று கேட்டே விட்டார். அன்றைக்கு நடந்த சண்டையில் வாளித் தண்ணீர் படியில் இறங்கி ஓடியது. ரெண்டு பேரும் நனைந்த கோழிகளாக நின்றுகொண்டு சிரித்தார்கள். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி என்னதான் சிரிப்பு? ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டினால் ஒரு வார்த்தையும் பிடிபடாது. அவள் எட்டிப் பார்த்தாலே பேச்சு நின்றுவிடும்.

ஆனால் ஒன்று. சிரித்து முடித்ததும் நேராகச் சமையலறைக்குத்தான் வருவார்கள். பசி என்றால் அப்படி ஒரு பசி. மறுநாளைக்கு என்று எடுத்துவைத்ததையும் தேடிப் பிடித்துத் தின்பார்கள். "அக்கா, சட்டியைக் கழுவிடாத, நான் வழிச்சுக்கிறேன்" என்பான் தம்பி. வாயில் திட்டும் கையில் கரண்டியுமாகப் பரிமாறிக்கொண்டே இருப்பாள். அவர்கள் தின்பதைப் பார்க்கப் பார்க்கக் கோபமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. அந்தச் சாயங்காலங்கள் அவளுக்குப் பிடிக்கும். அதை ஒருநாளும் அவர்களிடம் சொன்னதில்லை.

தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான், மாரடைப்பு. அவன் போன பிறகு பெயிண்டர் படியில் உட்காருவதை விட்டார். அப்புறம் நுரையீரலில் கட்டி என்றார்கள். முதல் சுற்று மருந்து ஏற்றியதிலேயே மனிதருக்குச் சோறு பகையாகிவிட்டது. தாளிக்கிற வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சமையலறைப் பக்கமே வருவதில்லை. "அடுத்த முறை வர்றதுக்குள்ள எடை ஏறணும். இந்த உடம்பு அடுத்த மருந்தைத் தாங்காது" என்றார் டாக்டர். கஞ்சி, சூப், ரொட்டி, பழம், கெஞ்சல், மிரட்டல், அழுகை, எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர் முன்னாலேயே அவள் போட்டு உடைத்தாள்.

"கஞ்சா அடிச்சா இவருக்கு நல்லாப் பசிக்கும் டாக்டர்."

பெயிண்டருக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த நுரையீரலுக்குப் புகையே கூடாது. சாப்பிடலாம்" என்று எழுதிக் கொடுத்தார். அன்று போலீஸுக்குப் பயந்து ஒளித்த சாமானை, இப்போது சட்டம் மாறிவிட்டதால், மருந்துக்கடையில் பில் போட்டுப் பையில் வைத்துக் கொடுத்தார்கள்.

வெண்ணெயை வடிகட்டி, மாவில் பிசைந்து பிஸ்கட் சுட்டாள். அவர் தட்டில் பாதி பிஸ்கட் வைத்தாள்.

"பசிக்காதவனுக்குப் பசி வர்றதுக்கு மருந்து. அதையும் சாப்பிட்டாத்தான் பசிக்குமாம். எவன்டா கண்டுபிடிச்சான்!" என்று முனகிக்கொண்டே கடித்தார். தண்ணீர் குடித்து விழுங்கினார். காத்திருந்தார். "ஒண்ணும் ஆகலையே."

"நேரமாகும்னு மருந்துக்கடைப் பொண்ணு சொன்னா."

"புகைன்னா இழுத்த உடனே தெரியும். போதும்னா காலால நசுக்கிட்டு எந்திரிக்கலாம். பக்கத்துல ஒரு ஆளும் இருப்பான். இது என்ன, ஒத்தையில உக்காந்து பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டிருக்கிற மாதிரி. இன்னொண்ணு குடு."

"தரமாட்டேன். வரலையேன்னு ரெண்டாவது எடுத்துத்தான் எல்லாரும் மாட்டிக்கிறாங்களாம். அடிச்சுச் சொல்லி அனுப்பினா."

சொல்லிவிட்டு மேஜையருகே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே, ஹாலையொட்டித் தடுப்பில்லாமல் இருந்த சமையலறையில், அடுப்புக்கு மேலே சுவர். பச்சைச் சுவர். கல்யாணமான புதிதில் மாமனும் மச்சானும் சேர்ந்து அடித்தது, அப்புறம் அவள் மாற்ற விட்டதில்லை. இத்தனை வருஷமாகப் பார்க்கிற சுவர்தான். இன்றைக்கு அதில் பிரஷ் போன தடம் ஒவ்வொன்றும் தலை வாரின மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது.

"இது வரைக்கும் நீங்க. இங்கருந்து தம்பி" என்றாள். "அவன் அவசரக்குடுக்கை, குறுக்கால இழுத்திருக்கான் பாருங்க."

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். "அதெப்படி உனக்குத் தெரியும்?"

"தெரியுதே. அவன் கை அசையறதுகூடத் தெரியுது."

பாம்பின் கால் பாம்பறியும். அவர் எழுந்து வந்து அவள் கண்ணுக்கு நேராகக் குனிந்தார்.

"ஏய், நீ எவ்வளவு சாப்பிட்ட?"

"சாப்பிடலையே. கசந்துது. சர்க்கரை போதுமான்னு ருசிதான் பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

அவள் யோசித்தாள். ஒவ்வொரு தடவை சர்க்கரை போட்டபோதும் ஒரு விரல். அப்புறம் வெண்ணெய் விற்கிற விலையில் கிண்ணத்தை அப்படியே கழுவ மனசு வரவில்லை, வழித்தாள். ருசி பார்க்காமல் எதையும் அடுப்பிலிருந்து இறக்கினவள் இல்லையே அவள்!

"அட என் தாயே" என்றார் பெயிண்டர். "உன் தம்பி இருந்திருக்கணும்."

அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயம் வந்தது. "நான் செத்துருவேனாங்க? நான் போயிட்டா உங்களை யாருங்க பார்த்துப்பா?" அழுகையும் வந்துவிட்டது.

"சாகமாட்ட. இது புகை இல்ல, நசுக்கிப் போட. உள்ள போயிடுச்சு, அதுவா இறங்கட்டும். நான் இங்கதான் இருக்கேன்." நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எலும்பாகிவிட்ட கைதான். ஆனாலும் பிடி விடவில்லை. அவள் மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது.

"படியில உக்காந்து அப்படி என்னதான் பேசிச் சிரிச்சீங்க?"

"நினைப்பில்ல."

"பொய்."

அவர் சுவரில் தம்பி இழுத்த தடத்தைப் பார்த்தார். "உன்னைப் பத்தித்தான். நீ வாளியோட நின்ன பாரு, அதை உன் தம்பி செஞ்சு காட்டுவான். தினம் காட்டுவான்." எழுந்து, வேட்டியை ஒரு கையில் பிடித்து, இடுப்பை ஒடித்து, இல்லாத வாளியை ஓங்கினார். "'நாசமாப் போறவங்களே! சோத்தை வடிச்சு வச்சிருக்கேன், வந்து கொட்டிக்கங்க!'"

அவள் குரல் அச்சு அசலாக இருந்தது. முதலில் ரோஷம் வந்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. நிறுத்த முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். இத்தனை வருஷம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த சிரிப்பு இதுதானா! தம்பி இருந்தபோதே ஒருநாள் போய் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கலாமே என்று அப்போது தோன்றியது. தோன்றியதும் வலித்தது. வலிக்கும்போதே வயிறு கூச்சல் போட்டது.

"பசிக்குதுங்க. கொலைப் பசி."

"பசிக்கும். உக்காரு, எந்திரிச்சா தலை சுத்தும்."

எத்தனையோ நாளாகச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் அடுப்பைப் பற்றவைத்தார். முட்டையை உடைத்து ஊற்றும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளப் போகிறார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பொத்திக்கொள்ளவில்லை. தட்டில் முட்டையும் ரொட்டியும் வந்தன. வெட்கமானம் பார்க்காமல் இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். மஞ்சள் கரு மணிக்கட்டு வரை வழிந்தது. அவர் நின்றபடி அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கை நீட்டி, அவள் தட்டிலிருந்து ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்தார். சிந்தியிருந்த கருவை அதில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டு பிய்த்தார். எதுவும் நடக்காத மாதிரித் திரும்பி, சட்டைக்குள் தோளெலும்பு ஏறி இறங்க, வாணலியில் மறுபடியும் முட்டையை உடைத்து ஊற்றினார். மென்றுகொண்டேதான் ஊற்றினார்.

அவளுக்கு மறுபடி சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு அவர் திரும்பிவிட்டால், மெல்வதை நிறுத்திவிட்டால்? பிசுபிசுத்த இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, நாற்காலி கிறீச்சிடாமல், அவர் தாடை அசைவதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.