நாற்பத்தேழாம் பக்கம்

குடும்ப நீதிமன்றத்தின் மூன்றாம் அறையில் அந்தக் குழந்தையிடம் நான்காவது கேள்வி கேட்கப்பட்டபோது மணி பதினொன்று நாற்பது. பதினொன்று நாற்பத்தொன்றுக்குக் குழந்தை இரண்டாகிவிட்டது. சத்தம் ஒன்றும் வரவில்லை. நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே நாற்காலியில் இரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஏழு வயது, இரண்டு பேருக்கும் மேல்வரிசையில் அதே பல் விழுந்திருந்தது, இரண்டு பேருடைய வலது காலுறையும் ஒரே அளவுக்குச் சரிந்திருந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்தி, "இன்னொரு நாற்காலி போடச் சொல்லட்டுங்களா ஐயா?" என்று கேட்டாள். நீதிபதி, "சொல்லுங்க" என்றார். அன்றைக்கு இன்னும் ஒன்பது வழக்குகள் காத்திருந்தன.

குழந்தையை வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்கள் தெருவில் அவர் கை வைக்காத ஃபிரிட்ஜ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார். அக்கா, பெரியம்மா என்று முறை வைத்துப் பேசுவார். போகும்போது தரையில் சிந்திய தண்ணீரைக்கூடத் தானே துடைத்துவிட்டுப் போவார். அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் பார்வையையெல்லாம் சரிபார்த்து அனுப்பியவள், மாதத்தில் ஐந்தாறு நாள் தான் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். விஷயம் தெருவுக்குத் தெரியாமல் இல்லை. அந்த வீட்டிலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் தெருவில் உள்ளவர்கள் டிவி ஒலியைக் கூட்டிவைத்துக்கொண்டோம். முதல் வருஷம் ஐந்து புள்ளி கூட்டினால் போதுமாயிருந்தது. ஆறாம் வருஷம் பன்னிரண்டு கூட்டியும் சீரியலில் யார் என்ன பேசினார்கள் என்று பிடிபடவில்லை. ஒருநாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தனக்குப் பாதுகாப்பும் குழந்தையும் வேண்டும் என்று அவள் வழக்குப் போட்டாள். குழந்தை தனக்கு வேண்டும் என்று அவர் பதிலுக்குப் போட்டார். சாட்சிக்குக் கூப்பிட்டபோது தெருவில் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கென்று பார்த்து ஒரு வேலை வந்தது. மாடிவீட்டுப் பெரியம்மா மட்டும்தான் பூசி மெழுகாமல் பேசினாள். "நான் எதையாச்சும் சொல்லிட்டு வந்து, நாளைக்கு என் ஃபிரிட்ஜ் நின்னுபோச்சுன்னா யாருடி வருவா?"

நீதிபதி கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் நில வழக்குகள் பார்த்தவர். எல்லைக்கல் நகர்ந்ததா இல்லையா என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவார் என்று பேர். குடும்ப நீதிமன்றத்துக்கு மாற்றலாகி வந்ததும் மனிதருக்குக் கை கால் ஓடவில்லை. கற்கள் அழுவதில்லை, இங்கே எல்லாரும் அழுதார்கள். வழிகாட்ட ஏதாவது அனுப்புங்கள் என்று தலைமையிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். எட்டு மாதம் கழித்து ஒரு கையேடு வந்தது: அடி உதை நடக்கும் குடும்பங்களில் குழந்தையை யார் பொறுப்பில் விடுவது என்று முடிவெடுக்க நீதிபதிகளுக்கு உதவும் கையேடு. மனநல மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் அடிபட்ட பெண்களுமாகச் சேர்ந்து நான்கு வருஷம் உட்கார்ந்து தயாரித்தது. நல்ல கையேடு என்று பின்னாளில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே பிரதிதான் வந்தது, அதுவும் தைக்காத தாள்களாக, ஒரு கோப்பில். அதை நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுக்கும் பொறுப்பு தலைமை எழுத்தரிடம் போனது.

இங்கேதான் தப்பு நடந்தது. தப்பு என்று சொன்னால் தலைமை எழுத்தர் இன்றைக்கும் கோபித்துக்கொள்வார். நீதிமன்றத்துக்குள் வரும் எந்தத் தாளிலும் ஒரு பக்கம்தான் எழுத்து இருக்க வேண்டும் என்பது பழைய விதி. முப்பத்தொரு வருஷ வேலையில் பின்பக்கத்தில் எழுத்துள்ள ஒரு தாளை அவர் பார்த்ததே இல்லை. எனவே திருப்பிப் பார்க்கவில்லை. ஒன்று, மூன்று, ஐந்து என்று முன்பக்கங்களை மட்டும் சுத்தமாக நகல் எடுத்து, ஓரம் தைத்து, அட்டை போட்டு, பூச்சி வராமல் இருக்க உள்ளே இரண்டு ரசகற்பூர உருண்டை வைத்து மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். நீதிபதி ஒரு விடுமுறை முழுக்க சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தார். வாக்கியங்கள் பக்கத்தின் அடியில் பாதியில் நின்றதையும், அடுத்த பக்கம் வேறெங்கோ தொடங்கியதையும் நிபுணர்களின் நடை என்று எடுத்துக்கொண்டார். பக்க எண் ஒன்றைவிட்டு ஒன்றாக வந்ததை எழுத்தரிடம் கேட்டபோது, "தலைமையிடத்துல இப்பல்லாம் அப்படித்தான் போடறாங்களாம்யா" என்று எழுத்தர் கொஞ்சமும் கூசாமல் சொல்லிவிட்டார்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் குழந்தைக்கான ஒன்பது கேள்விகள் வரிசையாக இருந்தன. உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா? அப்பா அடித்ததை நீயே பார்த்தாயா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? நீ போய்விட்டால் அப்பா அழுவாரே, பரவாயில்லையா? ஒருவரோடு மட்டும்தான் இருக்கலாம் என்றால் யாரோடு இருப்பாய்? நீதிபதிக்கு மூன்றாவது கேள்வி கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பட்டாணியைத் தன் அறைக்கு அழைத்து, கோட்டைக் கழற்றிவைத்து, மிட்டாய் கொடுத்து, எத்தனை மென்மையாகக் கேட்க முடியுமோ அத்தனை மென்மையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று வரைக்கும் அவள் மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். நான்காவதுக்குத்தான் இரண்டானாள். ஐந்தாவதைக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் அவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்ததில்லை. இரு தரப்பும் கேட்டது ஒரு குழந்தை, இரு தரப்பின் கையிலும் ஒரு குழந்தை இருக்கிறது, வழக்கு முடிந்தது. அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐயா, ரெண்டும் என் பொண்ணுதாங்க. ஒண்ணை எப்படிங்க அங்க விட்டுட்டுப் போவேன்?" நீதிபதி உண்மையிலேயே குழம்பிப்போய், "உங்க பொண்ணுதான் உங்க கையைப் பிடிச்சுட்டு நிக்கிறாளேம்மா" என்றார். அது பொய் இல்லை. பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இன்னொருத்தி படி இறங்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மெக்கானிக் அவளுடைய புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "படி பாத்து இறங்கு செல்லம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஊர் இதற்குப் பழக மூன்று வாரம் ஆயிற்று. நீதிபதி அதே பக்கத்தை வைத்துக்கொண்டு மற்ற வழக்குகளையும் விசாரித்ததால், பல் டாக்டரின் மகன் இரண்டானான், அச்சகக்காரரின் கடைக்குட்டி இரண்டானாள். பள்ளியில் வருகைப் பதிவேட்டில் அம்மா வீடு, அப்பா வீடு என்று புதிதாக ஒரு கட்டம் போட்டார்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் பேசிக்கொள்ளாமல் சுவரைப் பார்க்கிறார்கள் என்று டீச்சர் அவர்களை வேறு வேறு வகுப்பில் போட்டாள். தலைமையாசிரியருக்கு மாணவர் எண்ணிக்கை கூடியதில் பரம சந்தோஷம். தெருவில் எங்களுக்கும் ஒரு நிம்மதிதான், மறைப்பானேன். யாரும் யாருக்காகவும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

நான்காம் மாதம் ஒரு புதன்கிழமை, காலைச் சாப்பாட்டின்போது, அம்மா வீட்டுப் பட்டாணியின் இடது புஜத்தில் நான்கு விரல்கள் சிவப்பாக எழும்பின. பக்கத்தில் யாரும் இல்லை. சித்தி அடுப்படியில் இருந்தாள், அம்மா ஒரு கை தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாளில் மை ஊறுவதுபோல ஒவ்வொரு விரலாக வந்தது. குழந்தை அழவில்லை, "அங்க பால் கொட்டிருச்சு" என்று மட்டும் சொன்னாள். அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த விரல்களின் இடைவெளி அவளுக்கு மனப்பாடம். கை கழுவாமல் எழுந்து, மகளையும் இழுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு ஓடிவந்து கதவைத் தட்டினாள். மெக்கானிக்கின் அக்கா கதவைப் பாதி திறந்து, அந்த வீட்டுப் பட்டாணியின் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். தோல் பளிங்குபோல இருந்தது. "நல்லா பாத்துக்கோம்மா, ஒரு கீறல் உண்டா? போ, போய் உன் புள்ளையை ஒழுங்கா வளர்க்கிற வழியைப் பாரு." அடி அங்கே விழுந்தது, தழும்பு இங்கே வந்தது. எங்கள் ஜன்னல்களிலிருந்து பார்த்தவர்களுக்கும் அது விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

பள்ளியில் டீச்சர் தழும்பைப் பார்த்தாள். பார்த்தால் எழுதி அனுப்ப வேண்டும் என்பது சட்டம், எழுதி அனுப்பினாள். குழந்தைகள் நல அதிகாரி இரண்டு வீட்டுக்கும் போனார். தாய் வீட்டில் உள்ள குழந்தையின் உடலில் காயம், தந்தை வீட்டில் உள்ள குழந்தையின் உடலில் ஒன்றுமில்லை என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். போகிற போக்கில் அத்தையின் ஃபிரிட்ஜிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்பதும் எங்களுக்குத் தெரியும். இனி இப்படி நடந்தால் இந்தக் குழந்தையையும் தந்தையிடமே ஒப்படைக்க நேரிடும் என்று அம்மாவுக்கு எச்சரிக்கை வந்தது. அதற்குப் பிறகு அவள் வெயில் காலத்திலும் மகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பினாள். அங்கே இருப்பவளையும் என்னிடமே விடுங்கள் என்று ஒரு மனுப் போட்டாள். மனு இரண்டு வருஷம் வரிசையில் நின்றது. பட்டாணிகளுக்கு ஒன்பது வயது ஆனது, இருவருக்கும் ஒரே நாளில் அந்தப் பல் முளைத்தது.

அந்த மனு விசாரணைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால், அலமாரியைச் சுத்தம் செய்த தட்டச்சு அம்மாள் கையேட்டின் மூலப் பிரதியைக் கைதவறிக் கீழே போட்டாள். தாள்கள் அறை முழுக்கப் பரவின. பாதி தாள்கள் குப்புற விழுந்திருந்தன, குப்புற விழுந்தவற்றிலும் எழுத்து இருந்தது. "ஐயா, பின்னாடியும் இருக்குங்கய்யா" என்று அவள் சொன்னபோது அவள் குரல் வேறு யாருடையதோ போல இருந்ததாம். நீதிபதி தரையில் மண்டியிட்டுத் தேடி நாற்பத்தாறாம் பக்கத்தை எடுத்தார். அதன் கடைசி வரி: கீழ்க்காணும் கேள்விகளைக் குழந்தையிடம் எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. அதுவரை அவர் அறுபத்தொரு குழந்தைகளிடம் கேட்டிருந்தார். நாற்பத்தெட்டாம் பக்கத்தில், குழந்தை தானாக முன்வந்து எதையாவது சொல்ல விரும்பினால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் காதுகொடுங்கள் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது அலமாரிக்கு அடியில் போய்க் கிடந்தது. அவர் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. ஒரு மனிதனால் ஒரு நாளில் அவ்வளவுதான் படிக்க முடியும். கோப்பைக் கட்டச் சொல்லிவிட்டு, இனி எந்தக் குழந்தையிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று ஒரு தாளில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

விசாரணை அன்று அந்த வீட்டுப் பட்டாணி அத்தையோடு வந்தாள். அம்மா மூன்றடி தள்ளி நின்று அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொட அனுமதி இல்லை. அதிகாரியின் அறிக்கை வாசிக்கப்பட்டது. வாசித்து முடியும் முன் குழந்தை தானாகவே எழுந்தாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

நீதிபதியின் கை மெதுவாக உயர்ந்தது. "வேண்டாம்மா. நான் உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது."

"நீங்க கேக்க வேணாம். நானே சொல்றேன்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உக்காரும்மா." அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, பார்த்தவர்கள் சொன்னார்கள். கொஞ்சம் விட்டால் இவளும் மறுபடி இரண்டாகிவிடுவாளோ என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

"சொல்றாளேங்க ஐயா! அவளே சொல்றேங்கிறாளே, சொல்ல விடுங்களேன்!" அம்மா கத்தினாள். அவளுடைய வழக்கறிஞர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். தட்டச்சு அம்மாளின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. அடிக்க ஒன்றும் இல்லை. மெக்கானிக் இத்தனை நேரமும் சுவரில் இருந்த ஏசியையே கவனித்துக்கொண்டிருந்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க, அந்த மோட்டார் சத்தம் சரியில்ல. ஒரு அஞ்சு நிமிஷம் குடுத்தீங்கன்னா பாத்துருவேன்" என்றார். நீதிபதி நன்றி சொன்னார். காயமில்லாத குழந்தையை இடம் மாற்றக் காரணம் எதுவும் இல்லை என்று மனு தள்ளுபடியானது. பட்டாணி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள், வாய் லேசாகத் திறந்தபடி. அத்தை வந்து கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் அம்மா மனு எதுவும் போடவில்லை. கண்ணாடிக் கடையில் வேலைநேரத்தைக் குறைத்துக்கொண்டு, மகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்கு வீட்டில் இருந்தாள். தழும்பு பெரும்பாலும் ஐந்து மணி வாக்கில் வரும். வந்ததும் களிம்பு எடுத்து, மகளை மடியில் சாய்த்து, விரல் நுனியால் பட்டும் படாமல் தடவுவாள், நீண்ட நேரம் ஊதுவாள். இரண்டு பேருக்குப் போதுமான அளவு களிம்பு எடுப்பதைப் பார்த்துத் தங்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அக்கா, ஒரு கைக்கு இவ்வளவா?" என்றாள். அங்கிருந்து இங்கே ஒன்று வந்து சேர்கிறதென்றால் இங்கிருந்து அங்கே ஒன்று போகாதா என்று அக்கா கேட்டாள். அதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது. மெக்கானிக் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ளவர்கள் உற்றுப்பார்த்தும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஐந்து மணிக்கு மேல் அந்த வீட்டுப் பட்டாணி வாசற்படியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் களிம்பு தடவி முடித்து அம்மா டப்பாவை மூடினாள். மடியில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமல், "இன்னும் கொஞ்சம் தடவும்மா" என்றாள். "எனக்கில்ல. அவளுக்கு இன்னும் எரியுது."

அம்மா டப்பாவைத் திறந்தாள்.