பாய்ராமைப் பின்னால் கூப்பிடுவது

1

இந்தக் கதை எனக்குச் சுவிஸில், திரிம்பாக் தமிழ்க் கோயிலில், செருப்பு வைக்கிற இடத்தில் கிடைத்தது. புறப்பட்டுப் படியிறங்கிய தவராஜா அண்ணையை, "அண்ணை, குடை" என்று பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டேன். மனிதர் முகம் கறுத்துத் திரும்பி வந்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார். போகிறவரைப் பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் கெடும் என்று வளர்ந்தவர். மன்னிப்புக் கேட்டேன். "அதில்லைத் தம்பி" என்றவர், பாய்ராமைப் பற்றிச் சொன்னார்.

2

முதல் தொடக்கம்: மலையுச்சியில், துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி, அந்த அல்பேனியப் புரட்சித் தலைவன்

(வெட்டிவிட்டேன். அண்ணைக்குத் தெரிந்த பாய்ராம் மலையில் நிற்கவில்லை. 1986இல் பேர்ணில் ஓர் உணவகக் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.)

கொசோவோவில் வாத்தியார். 1981 ஊர்வலங்களுக்குப் பிறகு மூன்று வருடம் யூகோஸ்லாவியச் சிறை. வெளியே வந்து, எல்லை கடந்து, தன் அல்பேனிய மக்களின் விடுதலைக்கென்று ஓர் இரகசிய இயக்கம் நடத்தினார். பக்கத்தில் கோப்பை கழுவிய தவராஜா, ஊரில் பல இயக்கங்களைப் பார்த்தவர், உங்களிடம் எத்தனை பேர் என்று அரைகுறை ஜெர்மனில் விசாரித்தார்.

"பதினொரு பேர்," என்றார் பாய்ராம். "பன்னிரண்டாவது ஆள் நீரோ?"

"எனக்கு இன்னும் விசாவே இல்லை," என்றார் தவராஜா.

(பாய்ராம் எப்படி யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார் என்று கேட்காதீர்கள். அண்ணை சொன்னதைத்தான் எழுதுகிறேன்.)

3

ஒரு புதன்கிழமை மத்தியானம் பின்கதவால் ஒருவன் வந்தான். நல்ல கோட்டு. பாய்ராமின் படத்தைக் காட்டி, இவர் இங்கேதான் வேலையா என்றான். மொட்டையடித்த சிறைப்படம். பாய்ராம் கிழங்குச் சாக்கு எடுக்க நிலவறைக்குப் போயிருந்தார். தெரியாது என்றார் தவராஜா. பாய்ராம் மேலே வந்ததும் சொல்ல இருந்தவர்தான். அதற்குள் அறுபது பேர் சாப்பிட்ட தட்டுகள் வந்து குவிந்தன, சமையற்காரன் கத்தினான், விஷயம் மறந்தே போயிற்று.

மூன்று மணிக்குப் பாய்ராம் ஜாக்கெட்டை மாட்டினார். ரெனான் என்ற ஊரில் இயக்கக் கூட்டம். அவர் வலது கால் வாசலைத் தாண்டியபோதுதான் தவராஜாவுக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தார்.

கூப்பிடவில்லை. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிற மனிதரை எப்படிப் பின்னால் கூப்பிடுவது? வந்ததும் சொல்லலாம் என்று அடுத்த தட்டை எடுத்தார்.

பாய்ராம் வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய ஏப்ரனை வேறொருவர் கட்டியிருந்தார்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ரெனான் ரயில் நிலையத்தில் சுடப்படுகிறார். இன்னொன்றில் தப்பி, வேறு பெயரில், வேறு நாட்டில் (இதற்கு மேல் ஓடவில்லை). மூன்றாவதில் கோட்டுக்காரன்தான் அந்தப் பன்னிரண்டாவது ஆள். இது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

போனில் மூன்றையும் வாசித்துக் காட்டினேன். அண்ணை பொறுமையாகக் கேட்டார். கதையிலாவது நீங்கள் கூப்பிட்டதாக எழுதட்டுமா என்றேன்.

"வேண்டாம். கூப்பிடேல்லை எண்டே எழுதும்." என்றார் அண்ணை. "ஆனா அவரை வாசலிலையே விடும், தம்பி. ஒரு கால் உள்ளுக்கை இருக்கட்டும்."

அப்படியே எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன். ஆகவே பாய்ராம் வாசலில் நிற்கிறார். இடது கால் இன்னும் குசினிக்குள். கோட்டுக்காரன் தெருமுனையில் காத்திருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. வாக்குக் கொடுத்துவிட்டதால் நான் கூப்பிட முடியாது. நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர் பெயரும் உங்களுக்குத் தெரியும்.